மாஸ்டர் இறங்கும்போது எதை வாங்கிக்கொள்வது?

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவர்கள் ஊரில் 26 பேர் கொண்ட வாத்தியக் குழு இருக்கிறது. வயலின் எட்டு, புல்லாங்குழல் மூன்று, கிளாரினெட், டிரம்பெட், கீபோர்டு, ஒரு வீணை, மிருதங்கம், தபேலா என்று கலவையான கூட்டம். எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள், இல்லையென்றால் இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகள். சனிக்கிழமை மாலை ஆலய மண்டபத்தில் ஒத்திகை. 19 ஆண்டுகளாக ஒரு காசு வாங்காமல் நடத்திவந்த மாஸ்டருக்கு வயது 72. வரும் பொங்கலோடு போதும் என்று சொல்லிவிட்டார். அடுத்து வரப்போகிறவர் ஈப்போவில் வகுப்பு எடுக்கும் 31 வயதுப் பெண், மேற்கத்திய முறையில் படித்தவர். மூத்த வாத்தியக்காரர்கள் முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம். எப்போது மாற்றுவது, பெரியவர்களை எப்படிச் சமாளிப்பது, மாஸ்டரை ஆலோசகராக வைத்துக்கொள்ளலாமா என்று மூன்று கேள்வி.

நான் தெலுக் இந்தான் பக்கத்துத் தோட்டத்து ஊர்க்காரன். கிளாரினெட் வாசிப்பவன். இதே மாதிரி ஒரு குழுவில் செயலாளராக இருந்து இரண்டு முறை ஆள் மாறியதைப் பார்த்தேன். முதல் முறை கந்தரகோலம், இரண்டாம் முறை பரவாயில்லை. அந்த அனுபவத்தில்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்ன விஷயம். 'கண்டக்டர் மாறுகிறார்' என்று வெளியே சொல்லாதீர்கள். எங்கள் ஊரில் அப்படிச் சொன்னபோது ஒரு பாட்டி எந்த பஸ்ஸில் என்று கேட்டார். இசை நடத்துநர் என்ற சொல் இருக்கிறது, ஆனால் யாரும் வாயால் சொல்வதில்லை. மாஸ்டர் என்பதுதான் நம் வழக்கம். இந்தச் சொல்லில் ஒரு பொருள் ஒளிந்திருக்கிறது. மேடையில் கை வீசுகிறவர் மட்டும் மாஸ்டர் அல்ல. பாட்டைத் தேர்ந்தெடுத்து, யாருக்கு எந்த இடம் என்று பிரித்து, தாளில் எழுதி, சொல்லிக்கொடுத்து, சுருதி சேர்த்து, கடைசியில் கையும் வீசுகிறவர் அவர். நம் வாத்தியக் கூட்டிசையில் இது ஆரம்பத்திலிருந்தே இப்படித்தான். 1952-இல் அகில இந்திய வானொலி 'வாத்திய விருந்தா' என்ற தன் கூட்டிசைக் குழுவைத் தொடங்கியபோது பொறுப்பேற்ற ரவி சங்கரும் டி. கே. ஜெயராம ஐயரும் இசையமைப்பவர்களாகவும் நடத்துபவர்களாகவும் இருந்தார்கள். நமக்கென்று எழுதிவைத்த தொகுப்புகள் கிடையாது. எழுதுகிறவரே நடத்தவும் வேண்டும்.

கோலாலம்பூரில் மலேசிய ஃபில்ஹார்மோனிக் என்ற மேற்கத்திய இசைக்குழு இருக்கிறதே, 1998 ஆகஸ்டில் முதல் கச்சேரி நடத்தியது. 2014-க்குள் கேஸ் பாகெல்ஸ், மத்தியாஸ் பாமெர்ட், கிளாஸ் பீட்டர் ஃபுளோர் என்று மூன்று இசை இயக்குநர்களைப் பார்த்துவிட்டது. தாள்களைப் பார்த்துக்கொள்ளத் தனி ஆள், நிர்வாகத்துக்குத் தனி ஆள், எல்லாருக்கும் சம்பளம். ஒருவர் போனால் அடுத்தவர் வந்து அதே தாளைத் திறப்பார். உங்கள் மாஸ்டர் போனால் அந்த மூன்று நான்கு ஆட்களும் சேர்ந்து போகிறார்கள். ஆகவே புதியவரை எப்படி ஏற்றுவது என்ற கவலைக்கு முன்னால், இறங்குகிறவரிடமிருந்து என்னென்ன வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதைப் பாருங்கள்.

வாங்க வேண்டியது பெரும்பாலும் அவர் தலைக்குள் இருக்கிறது. எங்கள் மாஸ்டரின் தாள்களில் ஒரு பாட்டுக்குச் சரணத்தை இரண்டு முறை வாசிக்கச் சொல்லி எழுதியிருக்கும். நாங்கள் எப்போதும் மூன்று முறை வாசிப்போம். ஏன்? இரண்டாவது முடியும்போது அவர் புருவத்தைத் தூக்குவார், அதுதான் சைகை. புதியவர் வந்து தாளைப் பார்த்து இரண்டோடு நிறுத்தினார். பாதிப் பேர் நின்றார்கள், பாதிப் பேர் மூன்றாவதுக்குப் போய்விட்டார்கள். புருவத்தைத் தாளில் யாரும் எழுதிவைக்கவில்லை.

கமகம், அதாவது சுரத்தை அசைத்து வாசிப்பது, இதைவிடச் சிக்கல். தோடி ராகத்தின் காந்தாரச் சுரத்தை மேற்கத்தியக் கோட்டில் ஒரு புள்ளியாக எழுதலாம், ஆனால் அதை அப்படியே அசையாமல் வாசித்தால் அது தோடி இல்லை. மாஸ்டர் பாடிக் காட்டுவார், வயலின்காரர்கள் காதால் பிடித்துக்கொள்வார்கள், தாளில் வெறும் புள்ளியோ 'க' என்ற எழுத்தோ மட்டும் நிற்கும். புதியவர் அந்தப் புள்ளியைத்தான் பார்ப்பார். அது அவர் குற்றம் இல்லை.

அதனால் இப்போதே செய்யுங்கள். பொங்கலுக்கு இன்னும் எத்தனை சனிக்கிழமை இருக்கிறதோ, ஒவ்வொன்றிலும் இரண்டு பாட்டு. ஒத்திகை முடிந்ததும் மாஸ்டரோடு ஒரு இளையவரை உட்கார வைத்து, தே தாரிக் வாங்கிக்கொடுத்து, தாளைப் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பேச விடுங்கள். எங்கே மூச்சு விட வேண்டும், எங்கே தபேலா நின்று மிருதங்கம் மட்டும் போகும், யாருக்கு வராத இடத்தை யாருக்கு மாற்றிக் கொடுத்தார், எல்லாவற்றையும் பென்சிலில் அந்தத் தாளிலேயே எழுதட்டும். கைப்பேசியில் குரலையும் பதிவு செய்யுங்கள். கமகம் உள்ள இடங்களை அவர் பாடியே காட்டட்டும். பிறகு 26 பேருடைய தாள்களையும் தனித்தனியாகப் படம் எடுத்து ஒரே இடத்தில் வையுங்கள். மாஸ்டரிடம் உள்ள மூலத்தில் இல்லாத திருத்தங்கள் வாத்தியக்காரர்களின் தாள்களில்தான் இருக்கும். இதை ஒரு பெரிய பொறுப்பாகச் சொல்லி மாஸ்டரிடம் கேட்டால் அவர் மகிழ்ச்சியாகவே செய்வார். 'கொடுத்துவிட்டுப் போங்கள்' என்ற தொனி வந்தால் கதை முடிந்தது.

தாள் யாருக்குச் சொந்தம் என்பதையும் இந்த நேரத்தில் பேசிவிடுங்கள், சிரித்த முகத்தோடு. நம் நாட்டின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு படைப்பின் உரிமை முதலில் அதை உருவாக்கியவருக்கே. சம்பளத்துக்கு வேலை செய்தபோது எழுதியது, ஒருவர் பணித்து எழுதச் சொன்னது என்றால் நிலைமை வேறு. சும்மா ஆசைக்கு 19 ஆண்டு எழுதியவரின் வாத்திய அமைப்புகள் அவருடையவை, அவர் காலத்துக்குப் பிறகும் 50 ஆண்டு வரை அவர் குடும்பத்துடையவை. (பாட்டின் மூல உரிமை தனி, அது இசையமைத்தவரிடமோ நிறுவனத்திடமோ இருக்கும்.) குழு தொடர்ந்து வாசிக்கலாம், புதியவர் திருத்தலாம் என்று ஒரு பக்கக் கடிதம் வாங்கி மாஸ்டர் கையெழுத்துப் போட்டால் போதும். வாய்ப்பேச்சில் விட்டால் பத்து வருஷம் கழித்து அவர் பிள்ளைகளும் உங்கள் பிள்ளைகளும் முகம் பார்க்க மாட்டார்கள்.

சரி, கைக்கு வருவோம். இதில்தான் மூத்தவர்களின் முறைப்புக்குப் பாதிக் காரணம் இருக்கும் என்பது என் ஊகம்.

உங்கள் மாஸ்டர் எப்படி நடத்துகிறார் என்று நீங்கள் எழுதவில்லை. எங்களவர் ஒரு மூங்கில் குச்சியால் தாள் தாங்கியைத் தட்டுவார். பழக்கப்பட்ட காதுக்கு அது சுகம். தலையைத் தூக்கவே வேண்டாம், சத்தம் வந்தால் வாசிக்கலாம். (ஐரோப்பாவிலும் ஒரு காலத்தில் இப்படிச் சத்தமாகத் தாளம் கொடுத்தவர்கள் உண்டு. பிரான்சில் லுல்லி என்ற இசையமைப்பாளர் 1687-இல் நீளக் கோலைத் தரையில் இடித்துத் தாளம் போட்டபோது தன் காலிலேயே இடித்துக்கொண்டு, புண் அழுகி அதிலேயே இறந்துபோனார். எங்கள் மாஸ்டரிடம் இதைச் சொன்னேன். மூங்கில் அவ்வளவு கனம் இல்லை என்றார்.) புதியவர் சத்தமே இல்லாமல் கையை மட்டும் அசைப்பார். கேட்டு வாசித்தவர்கள் இனிப் பார்த்து வாசிக்க வேண்டும். அறுபது வயதில் இது சின்ன மாற்றம் இல்லை. ஒவ்வொரு பாட்டிலும் முதல் ஆவர்த்தனத்தை, அதாவது தாளத்தின் முதல் சுற்றை, மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள். தொடங்கும்போது கண் தாளில் இருக்காது, அவர் கையில் இருக்கும். இரண்டு மாதத்தில் பழகிவிடும்.

அடுத்தது தாளம். ஆதி தாளம் நமக்கு எட்டு எண்ணிக்கை: ஒரு தட்டு, மூன்று விரல், அப்புறம் தட்டு வீச்சு, தட்டு வீச்சு. மேற்கத்தியக் கையில் நான்கு அடிக்கு ஒரு வட்டம், முதல் அடி கீழே, நான்காவது மேலே. அப்படி இரண்டு வட்டம் போட்டால் ஒரு ஆவர்த்தனம். கணக்கு சரிதான். ஆனால் ஐந்தாவது எண்ணிக்கையிலும் கை அதே வேகத்தில் கீழே விழும். பார்க்கிறவருக்கு எது சமம் (சுற்றின் முதல் தட்டு), எது பாதி வழி என்று தெரியாது. ஒரு முறை கவனம் தப்பினால் அரை ஆவர்த்தனம் தள்ளிப் போய்விடுவார்கள், திரும்பி வரவே முடியாது. எங்களுக்குப் புதிதாக வந்த டீச்சரிடம் நாங்கள் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: சமத்துக்கு மட்டும் இடது கையையும் சேர்த்து இறக்குங்கள். அந்த ஒரு மாற்றத்தில் பாதிப் பிரச்சினை போய்விட்டது. மிஸ்ர சாப்பு அவருக்கு எளிதாகவே வந்தது, அதன் ஏழு எண்ணிக்கையை மூன்றும் நான்குமாகப் பிரித்து அடிக்க அவர்களும் படித்திருக்கிறார்கள். அரை இடம் தள்ளி எடுப்பு வரும் பாட்டுகளில்தான் தடுமாறினார். சமம் விழுந்த பிறகு பாட்டு தொடங்குவது அவருக்குப் புதிது. மிருதங்கக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, முதல் சில வாரம் வாயால் சொல்லிக்கொடுத்தார். வந்தவர் கற்றுக்கொள்கிறார் என்பதைப் பார்த்ததும் பெரியவர்களின் முகம் கொஞ்சம் இளகியதை நான் கண்ணால் கண்டேன்.

சுருதியில் கவனமாக இருக்கச் சொல்லுங்கள். மாஸ்டர் 'ஒன்றரைக் கட்டை' என்பார், டீச்சர் 'சி ஷார்ப்' என்பார், இரண்டும் ஒன்றுதான் என்று தெரியாமலே ஒரு மணி நேரம் சண்டை போடலாம். கர்நாடக முறையில் படித்தவர்கள் வயலினின் நான்கு தந்திகளையும் அந்தந்தச் சுருதிக்கு ஷட்ஜமும் பஞ்சமமுமாக (ச, ப) சேர்ப்பார்கள். மேற்கத்திய முறைக்காரருக்கு ஜி, டி, ஏ, இ என்று தந்திகள் மாறவே மாறாது. உங்கள் எட்டு வயலினில் யார் எந்தப் பக்கம் என்று பட்டியல் எடுத்து முதல் நாளே அவர் கையில் கொடுங்கள். அது தெரியாமல் 'எல்லாரும் ஏ கொடுங்கள்' என்று அவர் சொல்லி, பாதிப் பேர் விழித்தால் அன்றைக்கே அவர் மரியாதை போய்விடும். கிளாரினெட்டுக்கும் டிரம்பெட்டுக்கும் தனிக் கதை. பி ஃபிளாட் வாத்தியத்தில் எழுதியதைவிட ஒரு முழுச் சுரம் கீழே ஒலிக்கும். இந்தக் கணக்கை மாஸ்டர் மனதிலேயே போட்டு எழுதிக்கொடுத்திருப்பார். புதியவருக்கு இது படித்த பாடம்தான், இந்த ஒரு இடத்தில் நிச்சயம் அவர் கை மேலே இருக்கும். பிறகு, சீனப் பள்ளியில் படித்த பிள்ளைகள் யாராவது இருந்தால் எண்களால் எழுதிய சுரம்தான் அவர்களுக்குப் பழக்கம் என்பதையும் சொல்லிவையுங்கள்.

உட்காருவது பற்றி ஒரு வார்த்தை. கர்நாடக வயலின்காரர்கள் ஜமக்காளத்தில் சம்மணமிட்டு, வயலின் தலையைக் கால் மேல் தாங்கி வாசிப்பவர்கள். புதியவர் வந்ததும் எல்லாரையும் நாற்காலியில் ஏற்ற வேண்டும் என்று நினைப்பார், அவர் கை எல்லாருக்கும் தெரிய வேண்டுமே. எங்கள் முதல் மாற்றத்தில் இதைத்தான் முதல் வாரமே செய்தார்கள். மூன்று பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள். இரண்டாம் முறை ஜமக்காளத்தை முன்னால் விட்டு, நாற்காலிகளைப் பின்னால் அரைவட்டமாகப் போட்டு, அவருக்கு ஒரு சின்ன மேடை போட்டுக்கொடுத்தோம். தரையில் இருப்பவர்கள் கழுத்தைத் தூக்க வேண்டியிருக்கிறது என்று ஒரே ஒரு புகார். ஆறு மாதத்துக்கு எவர் இடத்தையும் மாற்ற வேண்டாம் என்று முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுங்கள். மாற்றம் ஒரு நேரத்தில் ஒன்று போதும்.

பெரியவர்களின் கோபம் இசை பற்றியது மட்டும் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். இவர்களில் பலர் தோட்டத்து ஆலயத்தில் பஜனைக்கு ஆர்மோனியம் பிடித்தவர்கள். பால்மரம் போய்ச் செம்பனை வந்து, லயத்து வீடுகள் காலியாகி, ஆளுக்கொரு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) குடியேறியபோது சனிக்கிழமை ஒத்திகைதான் பழைய தோட்டத்துக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்க்கும் இடமாக இருந்தது. மாஸ்டர் போனால் அதுவும் போய்விடுமோ என்ற பயத்தை வாய்விட்டுச் சொல்ல முடியாமல் 'அந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும்' என்கிறார்கள். ஒத்திகைக்கு நடுவே பசியாறும் அரை மணி நேரத்தை மட்டும் தொடாதீர்கள். நேரம் மிச்சம் பிடிக்கிறேன் என்று எங்கள் முதல் புதியவர் அதைத்தான் பத்து நிமிஷமாகக் குறைத்தார்.

'பிள்ளை' என்ற அழைப்பையும் முதல் நாளே நிறுத்துங்கள். மேடை ஏறுகிறவரைப் பிள்ளை என்று கூப்பிட்டுக்கொண்டு அவர் கைக்கு யாரும் வாசிக்க மாட்டார்கள். கூட்டம் போட்டு அறிவுரை சொன்னால் எடுபடாது. உங்கள் குழுவில் எல்லாரும் மதிக்கும் ஒரு பெரியவர் இருப்பார், பெரும்பாலும் முதல் வயலின்காரர். அவரைத் தனியாகப் பார்த்து, 'அண்ணே, நீங்க டீச்சர்னு கூப்பிட்டா மத்தவங்களும் கூப்பிடுவாங்க' என்று சொல்லுங்கள். எங்கள் ஊரில் 68 வயது அண்ணன் ஒருவர் முதல் ஒத்திகையில் கையைத் தூக்கி 'டீச்சர், ஒரு சந்தேகம்' என்றார். அவருக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. அதோடு சரி.

எப்போது மாற்றுவது என்றால், பொங்கல் நல்ல நாள்தான், ஆனால் அதை ஒட்டியே தைப்பூசம் வருகிறது. அதற்கு உங்கள் குழு வாசிப்பதாக இருந்தால் மாஸ்டரே அதையும் முடித்துவிட்டுப் போகட்டும். புதியவருடைய முதல் நிகழ்ச்சி பெரிய கூட்டத்தின் முன்னால் இருக்கக் கூடாது. ஒரு தமிழ்ப்பள்ளி விழா, நான்கு பாட்டு, அதிலும் மூன்று எல்லாருக்கும் தூக்கத்தில் வரும் பாட்டு. அதற்கு முன்னாலேயே, மாஸ்டர் பொறுப்பில் இருக்கும்போதே, அவரை இரண்டு ஒத்திகைக்கு அழைத்து நடத்த விட்டு, பெயர் போடாமல் ஆளுக்கு ஒரு துண்டுத் தாளில் கருத்து எழுதச் சொல்லுங்கள். பேசத் தயங்கும் பள்ளிப் பிள்ளைகள் தாளில் அழகாக எழுதுவார்கள். பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கில் வாத்தியக்காரர்களே வாக்களித்துத் தலைமை நடத்துநரைத் தேர்ந்தெடுப்பார்கள். 2015 மே மாதம் நாள் முழுக்க உட்கார்ந்தும் முடிவு வராமல் கலைந்து, அடுத்த மாதம்தான் பெட்ரென்கோவைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் பொறுப்பேற்றது 2019-இல். அவர்களுக்கே அவ்வளவு நாள் பிடித்தது. உங்களுக்குச் சில மாதம் இழுத்தால் அதில் வெட்கம் இல்லை.

பணம். மாஸ்டர் 19 ஆண்டு ஒரு காசு வாங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஈப்போவிலிருந்து வருகிறவருக்குப் பெட்ரோல் காசாவது கொடுத்தாக வேண்டும், வகுப்பை விட்டுவிட்டு வருவதால் ஒரு சன்மானமும் நியாயம். இதை மறைத்துக் கொடுத்தால் மாஸ்டரை ஏமாற்றியதுபோல் ஆகும். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் தொகையைச் சொல்லித் தீர்மானமாகப் போடுங்கள். துன் சம்பந்தன் ஊர்க்காரர்கள் நீங்கள். தோட்டத் தொழிலாளர்களின் சிறு சிறு பங்குப் பணத்தைச் சேர்த்துத் தோட்டம் வாங்க 1960-இல் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியவர் அவர். கணக்கைத் திறந்துவைத்துப் பேசுவது உங்களுக்குப் புதிதாக இருக்காது. குழு பதிவான சங்கமாக இருந்து மாஸ்டரே தலைவராகவும் இருந்தால், மேடையில் கை வீசுகிறவரை மட்டும் மாற்றினால் போதாது. பொதுக்கூட்டத்தில் புதிய செயலவையைத் தேர்ந்தெடுத்து, கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு ஆண்டறிக்கை அனுப்ப வேண்டும். வங்கிக் கணக்கில் கையெழுத்துப் போடுகிறவர் யார் என்றும் பாருங்கள். புதியவரைத் தலைவர் ஆக்க வேண்டாம் என்பது என் கட்சி. அவர் இசையைப் பார்க்கட்டும்.

கடைசியாக ஆலோசகர் விஷயம். வேண்டாம். மாஸ்டர் மேல் உங்களுக்கு எவ்வளவு அன்பு இருந்தாலும் முதல் ஆறு மாதம் வேண்டாம். எங்கள் முதல் மாற்றத்தில் அவரை ஆலோசகர் ஆக்கினோம். புதியவரின் முதல் நிகழ்ச்சியில் மாலை போட்டு முன்வரிசையில் உட்கார வைத்தோம். பாட்டு தொடங்கியதும் அவர் பாவம், தன்னை அறியாமல் தொடையில் தாளம் போட ஆரம்பித்தார், தன் பழைய காலப்பிரமாணத்தில். புதியவர் கொஞ்சம் விறுவிறுப்பாக எடுத்திருந்தார். மூத்தவர்கள் தொடையைப் பார்த்தார்கள், பிள்ளைகள் கையைப் பார்த்தார்கள், நான் இரண்டையும் பார்த்தேன். பல்லவி முழுக்க இரண்டு வேகத்தில் ஓடியது. ஆறு மாதம் கழித்து அவரைச் சிறப்பு விருந்தினராக அழைத்து, அவருக்குப் பிடித்த ஒரு பாட்டை அவரே நடத்தட்டும் என்று கேளுங்கள். அதற்குள் எல்லாருடைய கண்ணும் பழகியிருக்கும்.

அலமாரிச் சாவியை மறக்காதீர்கள். நாங்கள் கேட்க மறந்தோம். மாஸ்டர் ஜொகூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார், நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் இருக்கும்போது பூட்டை உடைத்தோம். உள்ளே சுருதிப்பெட்டி, ஒரு கட்டுப் பழைய தாள்கள், அப்புறம் அந்த மூங்கில் குச்சி.